போனில் கொரகொர சத்தமா? பிராட்பேண்டும் படுத்துவிடும்!

போனை எடுத்தால் கொரகொர சத்தம். மணி அடித்தால் இன்டர்நெட் கட். இதற்காகக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் ஒயரில்தான் இருக்கும்.

நான் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தபோது, 2018 தீபாவளிக்கு ஆம்பூரில் மாமா வீட்டிற்குப் போயிருந்தேன். ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்பவர். "மாப்ள, கம்பெனியில டிசைன் மெயில் பண்றாங்க. பாதி இறங்குறதுக்குள்ள கட் ஆயிடுது. இந்த ஆர்டர் கைவிட்டுப் போயிடும்போல இருக்கு" என்றார்.

முதலில் ஒரு விஷயம். செம்புக் கம்பி லைனில் பேச்சும் டேட்டாவும் ஒன்றாகவே வருகின்றன. பேச்சுக்குச் சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். ஏ.டி.எஸ்.எல். டேட்டா சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும். இரண்டையும் பிரிப்பதுதான் ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டியின் வேலை.

இனி சோதனைக்கு வருவோம்.

1. போனை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். அப்போதும் இரைச்சல் கேட்டால் லைனில் கோளாறு.

2. ஸ்பிளிட்டரில் 'லைன்', 'போன்', 'மோடம்' என மூன்று துளைகள் இருக்கும். அந்தந்த ஒயர் அந்தந்தத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டிற்குள் நுழையும் முதல் பெட்டியில் ஒரே ஒரு போனை மட்டும் மாட்டுங்கள். இரைச்சல் இல்லையென்றால் கோளாறு வீட்டு ஒயரிங்கில். இருந்தால், வேறு ஒரு போனை மாட்டிப் பாருங்கள். அப்போதும் இருந்தால் வெளி லைனில் கோளாறு.

4. பிரவுசரில் மோடத்தின் முகவரியை (பல மோடங்களில் 192.168.1.1) தட்டி, எஸ்.என்.ஆர். மார்ஜின் எவ்வளவு என்று பாருங்கள். 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுந்து போகும்.

மாமா வீட்டில் மூன்றாவது சோதனையிலேயே குட்டு வெளிப்பட்டது. மாடி போனுக்கான பேரலல் ஒயரை ஸ்பிளிட்டருக்கு முன்பே பிரித்திருந்தார்கள். மணி அடித்தபோதெல்லாம் நெட் அறுந்தது இதனால்தான். மொட்டை மாடியில் டேப் சுற்றிய ஜாயிண்டில் மழைத் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருந்தது. கொரகொர சத்தம் அங்கிருந்துதான். ஜாயிண்ட் இல்லாத புது ஒயர் இழுத்து, ஸ்பிளிட்டரின் 'போன்' துளையிலிருந்து மாடிக்குக் கொடுத்தோம். அன்று மாலையே டிசைன் முழுதாக இறங்கியது.

எச்சரிக்கை: லைனில் எப்போதும் சுமார் 48 வோல்ட் மின்சாரம் உண்டு, மணி அடிக்கும்போது இன்னும் கூடும். எனவே வெறும் கம்பியைத் தொடாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் மோடத்தைக் கழற்றி வையுங்கள்.

வெளி லைனில் கோளாறு என்றால், "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாமல், "போனிலேயே இரைச்சல் இருக்கிறது" என்று புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பா? அதில் இந்த இரைச்சல் தொல்லை கிடையாது. ஆனால் ஒயரை மடக்காதீர்கள். மோடத்தில் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். உடனே புகார் கொடுக்க வேண்டியதுதான்.