கோரை போகும்வரை புல் வேண்டாம்

சுருட்டி வரும் லான் புல்லைப் பற்றி யார் விசாரித்தாலும், அந்த இடத்தை எத்தனை வாரம் வெறும் மண்ணாக விட்டுவைக்க முடியும் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலோர் கிரகப்பிரவேசத் தேதியைச் சொல்லி, அதற்கு நான்கு நாள் முன்பு வண்டி வந்தால் போதும் என்பார்கள். புல் வந்துவிடும்தான். வருகிறவர்கள் பார்த்து மெச்சும்வரை பச்சையாகவும் இருக்கும். அடுத்த இரண்டு மாதத்தில் அதற்கு நேர்வதெல்லாம் அடியிலிருந்து வருவது.

எங்கள் மனை கோவைக்குக் கிழக்கே, சூலூர்ப் பக்கம். கரிசல் கலந்த மண். வீட்டு வேலை முடிந்தபோது தோட்டத்துக்கென்று விட்ட இடத்தில் செங்கல் உடைசல், ஜல்லி, காய்ந்த கலவை, சிமெண்ட் சாக்கு எல்லாம் இருந்தன, அவற்றுக்கு இடையே கொஞ்சம் மண்ணும் இருந்தது. அதன்மேல் இரண்டு அங்குலம் செம்மண்ணைப் பரப்பி மூடிவிட்டுப் போவது கட்டட வேலையில் சாதாரணம். கடப்பாரையால் ஒரு முழம் தோண்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சிமெண்ட் உடைசல் மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது, புல் வெளுத்துப்போகும். யூரியா போட்டுச் சரிசெய்கிற வெளுப்பு இல்லை அது. சல்லடை போட்டுச் சலித்து வெளியே கொட்டத்தான் வேண்டும். மண்ணைக் கொஞ்சம் எடுத்து வேளாண் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் என்று பிறகு தெரிந்து என்ன பயன்?

இடிபாடு போனபிறகு மிஞ்சுவது கோரை. நான் தோட்ட வேலைக்கு அழைத்த பெரியவர் வந்ததும் குனிந்து ஒரு தாளைக் கிள்ளிப் பார்த்தார். “கோரை இருக்குதுங்க. இதும் மேல நீங்க எந்தப் புல்லப் போட்டாலும் ரண்டு மாசத்துல இதுதானுங்க மேல நிக்கும்” என்றார். கோரையைக் கையால் பிடுங்கினால் தாள்தான் வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாக இருப்பதால், அதை அறுத்துவிட்டால் தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் முளைக்கத் தொடங்கும். அடியில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மேலே மண் போட்டால் போதும் என்று யோசனை சொல்லுவார்கள். கோரையின் முனை பிளாஸ்டிக்கைத் துளைத்து வரும், தண்ணீர்தான் கீழே இறங்காமல் நிற்கும்.

கிழங்குக்கு ஆகாதது காய்ச்சல். ஆகவே பங்குனியில் ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கண்ணில் பட்ட கிழங்கைப் பொறுக்கிவிட்டு, சித்திரை வெயிலில் கட்டி கட்டியாகவே கிடக்கவிட்டோம். மானாவாரிக் காட்டில் கோடை உழவு செய்வதும் இதற்குத்தான். வைகாசியில் ஏதோ பயிர் போட்டிருப்பதுபோல வெறும் மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சினோம். பக்கத்து வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். பிழைத்த கிழங்கெல்லாம் முளைத்தன, பொறுக்கினோம். மறுபடி தண்ணீர், மறுபடி முளை, மறுபடி பொறுக்கல். கோரைக்கென்றே ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லி இருக்கிறது. இடம் பெரிதாக இருந்து ஆள் கிடைக்காவிட்டால் அது உதவும், உறையில் சொன்ன அளவை மீறக்கூடாது. கிளைபோசேட்டை எல்லோரும் சட்டென்று சொல்வார்கள். 2022இல் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே தெளிக்கலாம் என்று ஆணை போட்டதை யாரும் சொல்வதில்லை.

எந்தப் புல் என்பதை வெயில்தான் முடிவுசெய்கிறது. நாள் முழுக்க வெயில் விழுந்தால் பெர்முடா. நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும் அதே இனம்தான் என்பதால் பட்டினி, மிதி எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் நிழலில் நூலாக இளைத்துவிடும். கொரியன் புல் பார்க்க அழகு. மெதுவாகத்தான் வேர் பிடிக்கும், கத்தரிக்காமல் விட்டால் மேடு மேடாகக் குமியும். அரை நிழலுக்கு, நர்சரியில் பஃபலோ என்று சொல்லும் அகன்ற இலைப் புல் பரவாயில்லை. மாமரத்தடியில் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே சருகைக் கூட்டாமல் விட்டுவிட்டு ஒரு பெஞ்ச் போட்டுவிடலாம்.

மண் கணக்கு எளிது. 500 சதுர அடிக்கு ஆறு அங்குலம் மேல்மண் என்றால் 250 கன அடி, அதாவது இரண்டரை யூனிட். செம்மண்ணோடு எம் சாண்டும் மக்கிய தொழு உரமும் கலந்தோம். மக்கிய என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அரைகுறையாக மக்கிய சாணத்தோடு களை விதையும், புல்லின் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவும் சேர்ந்தே வரும். கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் தூவினோம்.

மட்டம் கட்டும்போது கொத்தனாரின் ட்யூப் லெவலை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வேண்டும். நடைபாதைக் கல்லை ஒட்டிய இடத்தில் மண் ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தால், புல் வந்து அமர்ந்ததும் சமமாகும். பிறகு நன்றாக நனைத்து, மிதித்து, ஒரு வாரம் விட வேண்டும். பள்ளமெல்லாம் அந்த வாரத்தில்தான் தெரியவரும். கரிசல் மேல் என்றால் இன்னும் பொறுமை வேண்டும், அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும்.

ஆடிக் காற்றோடு சாரல் வரும் நாட்களில் புல் இறக்கினோம். இரவில் ஏற்றி விடியலில் வந்து சேரும்படி சொல்லிவிடுங்கள். அளவுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள், வெட்டும்போது வீணாகும். வண்டியை அனுப்புமுன் ஒரு சுருளை விரித்து உள்ளே கையை வையுங்கள். சூடு அடித்து மஞ்சளாக இருந்தால் திருப்பி அனுப்பலாம், சங்கடப்பட வேண்டாம். அடிப்பக்கம் கோரைத் தாள் தெரிந்தாலும் அப்படியே. இத்தனை மாத வேலைக்குப் பிறகு காசு கொடுத்துக் கோரை வாங்க வேண்டுமா?

வந்த அன்றே விரித்துவிட வேண்டும். மண்ணை லேசாக நனைத்து, நேரான ஓரத்தில் தொடங்கி, செங்கல் கட்டுவதுபோல ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் நடுவில் வரும்படி வைத்துக்கொண்டே போக வேண்டும். இழுத்து நீட்டக் கூடாது, காயும்போது சுருங்கி இடைவெளி விடும். துண்டு துணுக்குகளை ஓரத்தில் வைத்தால் முதலில் காய்வது அவைதான். அவற்றை நடுவில் சொருகுங்கள். விரித்த புல்மேல் நடக்காமல் பலகை போட்டு அதன்மேல் மண்டியிடலாம். இணைப்புகளில் மணல் தூவி, உருளை உருட்டி, அரை மணி நேரத்துக்குள் தண்ணீர் விட ஆரம்பியுங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் அடிமண் ஈரமாக இருக்க வேண்டும். மேலே மட்டும் நனைந்திருந்தால் அது தண்ணீர் விட்ட கணக்கில் சேராது.

முதல் இரண்டு வாரம் காலையும் பிற்பகலும் தண்ணீர். இரவில் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். பிறகு மூலையை மெல்ல இழுத்துப் பாருங்கள், தூக்க வராவிட்டால் வேர் இறங்கிவிட்டது. தண்ணீரைக் குறைத்து, ஆழமாக, இடைவெளி விட்டுப் பாய்ச்சலாம். முதல் வெட்டும் அதன் பிறகுதான். கத்தி கூர்மையாக இருக்கட்டும், ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். அங்கங்கே ஒன்றிரண்டு கோரை அப்போதும் தலைகாட்டும். முள்கரண்டி ஒன்றைத் தோட்டத்திலேயே வைத்திருக்கிறேன், கிழங்கோடு வரும்வரை தோண்டுவேன்.