கூர்வளைவு இக்கரைக்கு வந்த வழி

கேள்வி: கிறிஸ்தவக் கோயில்களின் கூர்மையான வளைவுகளும் ஊசிக் கோபுரங்களும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தவையா? – வாசகர், புன்னக்காயல்.

பதில்: பலரும் அவ்வாறு கருதினாலும், போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறைக்குக் கொண்டுவந்தது வழிபாட்டையே, 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கிய காலத்தில் இங்கு கோயில் எனப்பட்டது மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்ட எளிய கட்டடமாகவே பெரும்பாலும் இருந்தது. புன்னக்காயலில் நெடுங்காலம் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார், 1586இல் 'அடியார் வரலாறு' நூலைத் தமிழில் அச்சிட்டபோதும் கூர்வளைவு இக்கரையின் வழக்கமாகியிருக்கவில்லை.

அவ்வடிவம் முழுமை பெற்ற இடம் இடைக்காலப் பிரான்சு. அந்நாட்டுச் சிற்றூர்க் கோயில்கள் அதற்கு முன் அரைவட்ட வளைவுகளால் கட்டப்பட்டன. அரைவட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் பாதியைத் தாண்ட முடியாததோடு, கல்கூரையின் பாரம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளியதால், சுவர்களைத் தடிமனாக்கிச் சன்னல்களைச் சிறிதாக்க வேண்டியிருந்தது, உள்ளே இருளும் சூழ்ந்தது. வளைவின் உச்சியைக் கூராக்கியபோது அகலத்தை மாற்றாமலே உயரத்தைக் கூட்ட முடிந்தது, பக்கத்தள்ளலும் குறைந்தது; கூரையின் அடியில் குறுக்காக ஓடும் கல்வரிகள் பாரத்தைத் தூண்களில் சேர்க்க, வெளியே நிற்கும் முட்டுச்சுவர்கள் எஞ்சிய தள்ளலை ஏற்றுக்கொண்டதால், சுவரில் பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைத் திறக்க இடம் கிடைத்தது. பாரிசுக்கு அருகில் உள்ள சான்-தெனி மடாலயத்தில் மடாதிபதி சுசே 1140 முதல் 1144 வரை எழுப்பிய பீடப்பகுதியே இம்முறையின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

எனினும் கூர்வளைவு பிரெஞ்சுக்காரரின் கண்டுபிடிப்பன்று; 879இல் நிறைவுற்ற கெய்ரோவின் இப்னு துலூன் பள்ளிவாசலில் அது வரிசை வரிசையாக நிற்கிறது. புன்னக்காயலுக்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தின் பழம் பள்ளிவாசல்களோ, வளைவை நாடாமல் தமிழ்நாட்டு மண்டப முறைப்படி கல்தூணும் உத்திரமுமாக அமைந்துள்ளன என்பது கட்டடக்கலை வரலாற்றின் சுவையான முரண்.

சவேரியாரின் துறவற அமைப்பான, 1773இல் கலைக்கப்பட்ட இயேசு சபை 1814இல் மீட்கப்பட்டு, 1837இல் ஜோசப் பெர்த்ரான் முதலான பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மறைத்தளத்துக்கு வந்த பின்னரே, தம் தாய்நாட்டில் அப்போது புத்துயிர் பெற்றிருந்த அந்த இடைக்கால வடிவத்தை அவர்கள் தமிழகச் சிற்றூர்களில் பரப்பினர். வைகைக் கரையில் உள்ள இடைக்காட்டூரில் பெர்டினாண்ட் செல் அடிகளார் கட்டி 1894இல் நிறைவுற்ற திரு இருதய ஆலயம் இதற்குச் சிறந்த சான்று. பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டதெனினும், அதை அச்சு நகல் என்பது மிகை. அங்கே 1211இல் தொடங்கி வெட்டுக்கல்லால் செதுக்கப்பட்டவை இங்கே பல வடிவ அச்சுகளில் வார்த்துச் சுட்ட செங்கற்களால் உருப்பெற்றன.