பேட்ச்சுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

கொடைக்கானல் ஏரிக்குக் கீழே, மலைப்பாதையை ஒட்டி இருக்கிறது செண்பகனூர். அங்கே இயேசு சபையினர் 1895இல் தொடங்கிய திருஇருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. அதன் இன்னொரு பகுதியில் முந்நூறுக்கு மேற்பட்ட ஆர்க்கிட் வகைகளை உயிரோடு வளர்க்கிறார்கள். கூடப் படித்தவர்களோடு நாம் வைத்திருக்கும் தொடர்பை நினைத்தால் எனக்கு இந்த இரண்டும்தான் கண்ணில் வருகின்றன. நாம் பெரும்பாலும் நண்பர்களைப் பாடம் செய்துதான் வைத்திருக்கிறோம். இருபது வயதில் வைத்த பட்டப்பெயர், ஹாஸ்டல் மெஸ், அரியர் பேப்பர், கடைசி பெஞ்ச் என்று அந்த உருவம் தூசு தட்டித் தட்டி அப்படியே நிற்கிறது. அந்த ஆள் இன்று எந்த ஊரில், யாரோடு, என்ன பாடு பட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருப்பான்’ என்பதற்கு மேல் நமக்குத் தெரிவதில்லை.

பேட்ச் குழுக்கள் இதைச் சரிசெய்துவிட்டன என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாட்ஸ்அப் குழு தொடங்கிய முதல் வாரம் ஒரே கொண்டாட்டம்; மூன்றாம் மாதம் குட்மார்னிங் படங்கள்; ஒரு வருடம் போனால் அரசியல் ஃபார்வர்டு, அதனால் இரண்டு பேர் வெளியேற்றம். நூறு பேர் இருக்கும் குழுவில் பேசுவது பத்துப் பேர். வேலை போனவரும், பிள்ளைக்கு வைத்தியம் பார்த்து ஓய்ந்தவரும் அங்கே வாய் திறப்பதில்லை. சிலருடைய பெயர் அந்தக் குழுவில் முதன்முதலாக அடிபடுவதே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற வரியோடுதான். வெள்ளி விழாச் சந்திப்பும் பெரிய மாற்று அல்ல. வருகிறவர்கள் வரக்கூடிய நிலையில் இருப்பவர்கள். அந்த ஒரு நாளும் பழைய கதையிலேயே கழிந்துவிடுகிறது. ஆசையும் நினைவும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. இல்லாதது ஒரு கணக்குப்பிள்ளை. யார் எங்கே இருக்கிறார் என்று வருடம் தவறாமல் விசாரித்து, எழுதி, எல்லோருக்கும் சொல்லும் ஒருவர்.

செண்பகனூரைச் சும்மா இழுக்கவில்லை. அந்தக் கல்லூரியை நடத்தும் சபையே கூடப் படித்தவர்களால் உண்டானது. பாரிஸில் சாந்த் பார்ப் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்த இஞ்ஞாசியார், பிரான்சிஸ் சவேரியார், பீட்டர் ஃபாவர் மூவரும், வேறு நால்வரும் சேர்ந்து 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ரு குன்றில் எடுத்த வாக்குறுதிதான் அதன் தொடக்கம். ஏழு பேரும் ஒரே ஊரில் இருந்துவிடவில்லை. சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பிறகு மலாக்கா, மொலுக்கஸ் தீவுகள், ஜப்பான் என்று போய்க்கொண்டே இருந்தார். 1546இல் அம்போனா தீவிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தோழர்களுக்கு எழுதும்போது, உங்கள் கடிதங்களில் நீங்களே கைப்பட எழுதிய பெயர்களைக் கத்தரித்து எடுத்து எப்போதும் என்னோடு வைத்திருக்கிறேன் என்கிறார். பிரிவு என்றால் என்ன என்று காட்ட இந்தக் காகிதத் துண்டுகளே போதும். ஆனால் உறவைக் காத்தது அந்த உருக்கம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சபைக்குத் தலைவரான இஞ்ஞாசியார் வெறும் பாசத்தை நம்பி இருந்துவிடவில்லை. சபையின் சட்டத்திலேயே, பிரிந்து கிடப்பவர்களை ஒன்றாக வைக்கும் வழிகளில் ஒன்றாகக் கடிதத்தைச் சேர்த்தார். எந்தப் பொறுப்பில் இருப்பவர் யாருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுத வேண்டும் என்றும் விதித்தார். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகச் சபையின் ஒவ்வொரு நிர்வாக மாநிலமும் வருடந்தோறும் உறுப்பினர் பட்டியல் அச்சிடுகிறது. பிறந்த தேதி, சபையில் சேர்ந்த தேதி, எந்த இல்லம், என்ன வேலை எல்லாம் அதில் இருக்கும். சபையின் மதுரை மிஷன் வரலாற்றை எழுதியவர்கள் செண்பகனூரில் இருந்த ஆவணங்களைத் தேடி மலை ஏறினார்கள் என்றால், யாரோ சலிக்காமல் எழுதி வைத்ததால்தான்.

அவர்களுக்குக் கீழ்ப்படிதல் வாக்கு உண்டு, மேலே கேட்க ஆள் உண்டு. நமக்கு யார் இருக்கிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஹார்வர்ட் கல்லூரியில் கட்டாயம் ஏதும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று வருகிறது. அவரவர் வாழ்க்கையை அவரவரே எழுதி அனுப்புகிறார்கள். தேவைப்படுவது கேட்கும் ஆள் ஒருவரும், மாறாத ஒரு தேதியும். நம் ஊருக்குப் பொங்கலை வைத்துக்கொள்ளலாம். குழுவில் பொதுவாகக் கேட்டால் பதில் வராது. தனித்தனியே கேட்க வேண்டும். ‘என்ன பண்றே, செட்டில் ஆயிட்டியா?’ என்று மட்டும் தொடங்கக் கூடாது. அது சம்பளக் கேள்வி என்று கேட்கப்படுபவருக்குத் தெரியும். எந்த ஊர், வீட்டில் யார் யார், இந்த வருடம் எது பெரிதாக இருந்தது. மூன்று கேள்வி போதும். எழுதி வைக்கும்போது தாவரவியல்காரர்களைப் பின்பற்றலாம். உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டி, ஓரத்தில் எங்கே, எந்த நாள், யார் சேகரித்தது என்று எழுதாவிட்டால் அவர்கள் கணக்கில் அது வெறும் சருகு. நண்பரைப் பற்றிய செய்தியும் அப்படித்தான். யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற குறிப்பு இல்லாமல் ‘அவன் கனடாவுல இருக்கான்’ என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டிருப்போம். அவர் திரும்பி வந்து பக்கத்துத் தெருவில் குடியிருப்பார்.

பட்டியலில் பெரிய ஓட்டை பெண்கள் பெயர்களில் விழுகிறது. கல்லூரியில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியல், ஊரும் எண்ணும் வேறு. ஃபேஸ்புக்கில் பழைய பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஆண்கள் நடத்தும் குழுக்கள் ‘பொண்ணுங்க யாரும் கான்டாக்ட்ல இல்லப்பா’ என்று கையை விரித்துவிடுகின்றன. தேடும் வேலையை வகுப்புத் தோழி ஒருவரிடம் கொடுத்தால் பாதிப் பேராவது கிடைப்பார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் அம்மா வீட்டை அறிந்திருப்பாள். அங்கிருந்து நூல் பிடித்துப் போக வேண்டியதுதான். பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

இதெல்லாம் ஒப்பிட்டுப் பொறாமைப்படத்தானே உதவும் என்பார்கள். அரைகுறையாகத் தெரிவதுதான் பொறாமையை வளர்க்கிறது என்பேன். வீடும் காரும் போட்டோவில் வந்துவிடுகின்றன. கடனும் சர்க்கரை நோயும் வருவதில்லை. முழுதாகத் தெரிந்தால் பொறாமைப்பட இடம் குறைவு. விலகி இருக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் மறுப்பு இல்லை. வேண்டாம் என்றவரின் பெயருக்கு நேரே எதுவும் எழுதாமல் விட்டுவிட வேண்டும். அவரைக் கேட்காமல் எண்ணை யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு. சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச் சொல்லி இஞ்ஞாசியார் 1553 ஜூனில் கடிதம் எழுதினார். சவேரியார் சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் 1552 டிசம்பர் 3 அன்றே இறந்திருந்தார்.