கோடைத் தொடக்கத்தில் வீட்டுத் தோட்டம்

திருத்தணி வட்டாரத்தில் யுகாதி கொண்டாடும் இல்லமும் சித்திரைப் பிறப்புக் கொண்டாடும் இல்லமும் ஒரே தெருவில் உள்ளன. அவ்விரு திருநாள்களை ஒட்டிய நாள்களே வீட்டுத் தோட்டத்தைக் கோடைக்கு ஆயத்தம் செய்யத் தக்கவை. மே மாதத் தொடக்கத்தில் அக்கினி நட்சத்திரம் பிறந்தபின் தொடங்கும் முயற்சி பெரும்பாலும் கருகிப் போகும்.

தறியை நம்பிய குடும்பத்திற்குக் காய்கறிச் செலவு சிறிதன்று. ஆயினும் குடிநீரைச் செடிக்கு ஊற்றித் தோட்டம் வளர்த்தல் முறையாகாது. ஆதலின் முதற்கண் நீர்க்கணக்கை எழுதுவோம்.

நீரும் நிலமும்: ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் 1 லிட்டராகும். கடுங்கோடையில் மண்ணும் இலையும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீரை இழக்கும். அரிசியும் காய்கறியும் கழுவிய நீர், பாத்திரத்தைச் சோப்பின்றி அலசிய நீர் ஆகியவை 2 குடம், அதாவது 30 லிட்டர் சேருமாயின், 5 சதுர மீட்டர் நிலத்தைக் காக்கலாம். அது 9 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள பாத்தியாகும். இதற்கு மேல் விரிப்பது வரவுக்கு மிஞ்சிய செலவே.

மூடாக்கு: திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையுள்ள இவ்வட்டாரத்தில் கரும்புத் தோகை எளிதிற் கிடைப்பது. அதனையோ நிலக்கடலைத் தோலையோ 2 அங்குல கனத்திற்குப் பரப்புக. தண்டைத் தொடாது சிறிது இடம் விடுக. நீரை மாலையில், வேரடியில் ஊற்றுக.

பயிர்: பாத்தியின் ஒரு பகுதியில் வெண்டை 15 செடிகள் போதும், விதைத்த 45 நாள்களை ஒட்டிக் காய் பறிக்கலாம். எஞ்சிய பகுதியில் முளைக்கீரையும் கொத்தவரையும் இடுக. மேற்றிசையில் தென்னங்கீற்றுத் தட்டி நிறுத்தின் பிற்பகல் வெயில் தணியும்.

நோய்: வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாயின், அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அச்செடியைப் பிடுங்கி அகற்றுக. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் தெளிப்பின் வெள்ளை ஈ குறையும்.

நெசவாளர்க்கு ஓர் எச்சரிக்கை: சாயப்பட்டறை நீர் எத்துணைத் தெளிந்து தோன்றினும் தோட்டத்திற்கு ஆகாது. அதிலுள்ள உப்பும் காரமும் மண்ணை இறுகச் செய்யும், கிணற்றிலும் கசியும். மயில்துத்தம் கலந்த பாவுக் கஞ்சியையும் விலக்குக. குளித்த நீரைக் கீரைக்கு விடாது வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

பயிற்சி: உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் இல்லத்தில் எஞ்சும் நீரை ஏழு நாள் குடத்தால் அளந்து, ஒரு நாளைய சராசரியைக் காண்க. ஒரு குடத்திற்கு இரண்டரைச் சதுர மீட்டர் என்று கணக்கிட்டுப் பாத்தியை வகுக்க. அளந்து தொடங்கிய தோட்டமே ஆடி வரை பசுமையாய் நிற்கும்.