மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே கூரை: டார்ட்மூர் கல்வீடு

இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்கில் டெவன் ஜில்லாவில் டார்ட்மூர் என்னும் மேட்டு நிலம் உளது. அதன் உச்சி ஏறக்குறைய 2,000 அடி உயரமுள்ளது. அங்குள்ள பிரின்ஸ்டவுனில் வருஷத்திற்குச் சுமார் 80 அங்குலம் மழை பெய்கிறது. இத்தகைய இடத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டிய குடியானவனுக்கு மாடே மூலதனம். மாடு மடிந்தால் குடும்பமும் நிலைக்காது. ஆகவே, இரண்டையும் ஒருங்கே காக்கும் கல்வீடுகளை அவ்விடத்து ஜனங்கள் கட்டினர். இவை நீள்வீடுகள் எனப்படும்.

கல்லும் மனையும்

சுவருக்கு வேண்டிய கருங்கல் நிலத்தின் மேற்பரப்பிலேயே சிதறிக் கிடந்தது. நிலத்தைப் பண்படுத்தப் பொறுக்கிய கல்லே வீட்டிற்கும் வேலிக்கும் பயன்பட்டது. கூரை வைக்கோலால் வேயப்பட்டது. வீட்டைச் சரிவுக்குக் குறுக்காக அமைக்காமல், சரிவின் போக்கிலேயே நீளமாக அமைத்தனர். மேல்முனையில் மனிதர் வாசம், கீழ்முனையில் தொழுவம், நடுவில் வீட்டைக் குறுக்கே கடக்கும் ரேழி. ஆதியில் மனிதரும் மாடும் இந்த ரேழி வழியாகவே உட்புகுந்து, இருபுறமும் பிரிந்து சென்றனர்.

தொழுவத்தின் ஒழுங்கு

மாடுகள் இரு பக்கச் சுவர்களையும் நோக்கி நிற்கும். சுவரோரம் தீவனத் தொட்டியும் கட்டுத்தறியும் உண்டு. நடுவே கல் பாவிய வடிகால் ஓடிக் கீழ்முனைச் சுவரிலுள்ள துவாரத்தின் வழியே வெளியேறும். மேலே பரணில் வைக்கோல் சேமிக்கப்படும். சன்னல்களோ குறுகிய பிளவுகளே. காற்று நுழையும், மழை நுழையாது. சாணமும் மூத்திரமும் ஒருபோதும் வீட்டுப் பக்கம் திரும்பாமைக்குக் காரணம், சரிவை முன்னறிந்து மனை கோலியதே ஆகும்.

காலத்தின் மாறுதல்

ஆரம்பத்தில் கூடத்தின் நடுவே தீ மூட்டினர். புகை கூரை வழியே கசிந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கல்லால் புகைபோக்கியும் மாடி அறைகளும் பல வீடுகளில் சேர்க்கப்பட்டன. தொழுவத்தைப் பிரிக்கக் கற்சுவர் எழுந்தது. மாட்டுக்குத் தனி வாயிலும் வைக்கப்பட்டது. சேர்ந்து வாழ்ந்ததன் அனுகூலத்தை விடாமலே, அதன் அசுத்தத்தை மட்டும் விலக்கிய திருத்தம் இது.

ஹவுண்ட் டோர் அருகே மத்திய காலத்தில் கைவிடப்பட்ட கிராமம் ஒன்றில் 1961 முதல் 1975 வரை அகழ்ந்தபோது, இவ்வகை வீடுகளின் அடிச்சுவர்கள் வெளிப்பட்டன.

எஞ்சியிருப்பது

பிற்காலத்தில் பெரும்பாலான தொழுவங்கள் வசிக்கும் அறைகளாக மாற்றப்பட்டன. அவ்வாறு மாற்றுகையில் வடிகாலும் கட்டுத்தறியும் மறைகின்றன. வீடு நிற்கும், அது நின்ற காரணம் அழிந்துவிடும். பவுண்ட்ஸ்கேட் அருகிலுள்ள ஹயர் அப்பகாட் என்னும் நீள்வீட்டின் தொழுவம் மாறாமல் இருப்பது இதனாலேயே அருமையானது. டார்ட்மூர் தேசியப் பூங்கா நிர்வாகத்தினர் அதனை 1979இல் வாங்கிப் பாதுகாத்தனர். அங்கே பழைய புகை படிந்த கூரை மரங்களை இன்றும் காணலாம்.

இவ்வீடுகளைக் கட்டியோர் படம் வரைந்து கட்டியவரல்லர். எனினும் நீர் எப்பக்கம் ஓடும், காற்று எப்பக்கம் வீசும், இரவில் கன்று ஈனும் பசுவை எவ்வளவு விரைவில் அடையலாம் என்ற மூன்றையும் கல் வைக்குமுன்னே ஆலோசித்தனர். பழைய வீட்டைத் திருத்துவோரும் புதுக்கொட்டில் அமைப்போரும் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே.