தேமல் விழுந்த கொடிக்கு மருந்து கிடையாது

பந்தலில் ஏறிய பாகல் கொடியின் கொழுந்து மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுப் பிடித்துச் சுருங்கியதும் விவசாயி முதலில் கேட்பது, "வைரஸுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். மருந்துக் கடையிலும் பதில் தயாராக இருக்கிறது. 'வைரஸ் மருந்து' என்ற பெயரில் ஒரு பாட்டில், அதோடு சேர்த்து அடிக்க ஒரு பூச்சி மருந்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கேட்டவரும் சரி, கொடுத்தவரும் சரி, வைரஸ் என்பது பூஞ்சாணத்தைப் போல இன்னொரு கிருமி, அதற்கும் ஏதோ ஒரு ரசாயனம் இருந்தே தீரும் என்று நம்புகிறார்கள். அப்படி ஒன்று இல்லை. தேமல் விழுந்த பாகலையும் புடலையையும், இலை சுருண்ட தக்காளியையும், நரம்பு மஞ்சளான வெண்டையையும் வயலில் வைத்துக் குணமாக்கும் மருந்து இன்றுவரை உலகில் எங்கும் கிடையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த பட்டத்தில் அதே கேள்வி திரும்ப வருகிறது. அதனால்தான் இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூஞ்சாணத்துக்குத் தனியான செல் உண்டு, செல்சுவர் உண்டு, செடியில் இல்லாத வேதிவினைகள் உண்டு. அவற்றைக் குறிவைத்து ஒரு மருந்தைச் செய்ய முடியும். வைரஸுக்கோ புரத உறை ஒன்றும் அதற்குள் மரபுப்பொருளும் தவிர வேறெதுவும் இல்லை. செடியின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் உறுப்புகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அதை நிறுத்தும் ரசாயனம் பெரும்பாலும் செடியின் செல்லையும் நிறுத்திவிடும். திசு வளர்ப்புக் கூடங்களில் ரிபாவிரின் என்ற மருந்தைப் பயன்படுத்தி வைரஸ் இல்லாத கன்றுகளை எடுக்கிறார்கள். அது கண்ணாடிக் குப்பிக்குள் நடக்கும் வேலை, ஏக்கர் கணக்கில் தெளிக்கும் வேலை அல்ல. நமக்கு இருப்பதுபோல ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புப் புரதங்களும் செடிக்கு இல்லை. அதற்கென்று உள்ள தற்காப்பு சில நேரம் புதுத் தளிரைத் தெளிவாக்கிக் காட்டும். ஆனாலும் வைரஸ் செடிக்குள்தான் இருக்கும். அந்தச் செடியில் உட்கார்ந்த பூச்சி அடுத்த செடிக்கு அதைக் கொண்டுபோகும்.

"நான் அடித்தேன், தெளிந்துவிட்டதே" என்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வயலில் இருந்தது வைரஸ் அல்ல என்பதே பெரும்பாலும் காரணம். மிளகாயில் இலைப்பேன் உறிஞ்சினால் இலை மேல்நோக்கிச் சுருளும், சிலந்திப்பேன் தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும். துத்தநாகமோ மக்னீசியமோ குறைந்தால் நரம்புக்கு இடையில் வெளுக்கும். பக்கத்து வயலில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்து பட்டால் தக்காளி இலை நூல்போலக் குறுகும். வெள்ளரித் தேமல் வைரஸ் வந்தாலும் தக்காளியில் அதே தோற்றம்தான். பாட்டிலில் நுண்ணூட்டம் கலந்திருந்தால் சத்துக் குறைபாடு தீர்ந்து இலை பச்சையாகும், பெயர் மட்டும் வைரஸ் மருந்துக்குப் போய்ச் சேரும். "தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே நிலக்கடலை மொட்டுக் கருகலுக்குச் சோள இலைச் சாறும் தென்னை ஓலைச் சாறும் சொல்கிறதே" என்று சிலர் மடக்குவார்கள். சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பரிந்துரை விதைத்த 10ஆம் நாளும் 20ஆம் நாளும் தெளிக்கச் சொல்கிறது, அதாவது நோய் வருமுன். சீனாவில் பதிவாகியுள்ள நிங்நான்மைசின் போன்றவையும் முன்கூட்டி அடித்தால் தாக்குதலை ஓரளவு குறைப்பவைதான். தடுப்பதைக் குணமாக்குவதாக விற்பதுதான் குற்றம்.

சரி, வைரஸைக் கொண்டுவரும் பூச்சியையாவது கொல்லலாம் என்றால், அது எந்தப் பூச்சி என்று முதலில் பார்க்க வேண்டும். வெள்ளரித் தேமலையும் சுக்கினி மஞ்சள் தேமலையும் பரப்புவது அசுவினி. சில விநாடிகள் ஊசியைக் குத்தி ருசி பார்த்தாலே போதும், வைரஸ் ஏறிவிடும். மருந்து அதைக் கொல்லும் முன்பே வேலை முடிந்துவிடும். மருந்து பட்டுத் தடுமாறும் அசுவினி இன்னும் பல செடிகளில் குத்திப் பார்க்கும் ஆபத்தும் உண்டு. வெள்ளை ஈ வேறு மாதிரி. அது நேரம் எடுத்து உறிஞ்ச வேண்டும், வைரஸ் அதன் உடலுக்குள் சுற்றிவரச் சில மணி நேரம் ஆகும், அதன்பின் நாள்கணக்கில் பரப்பும். இங்கே பூச்சி மருந்துக்கு ஓரளவு பலன் உண்டு. ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் வைரஸை ஏற்றிக்கொண்டு பறந்து வரும் ஈக்களுக்கு எத்தனை முறை அடிப்பது?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. செடி வைரஸ் மனிதருக்குத் தொற்றும் என்பது பொய். 2020இல் மகாராஷ்டிரத் தக்காளியில் நிறத்திட்டுகள் தோன்றியபோது கொரோனாவோடு சேர்த்துப் பீதியைக் கிளப்பினார்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையில் கண்டது பெரும்பாலும் வெள்ளரித் தேமல் வைரஸ். அந்தப் பழத்தைத் தின்றவருக்கு அதனால் எதுவும் ஆகாது. எல்லாம் விதைக் கம்பெனியின் குற்றம் என்பதும் பாதிதான் சரி: வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸ் விதையில் வரும், கத்தியிலும் கையிலும் ஒட்டிப் பரவும், ஆனால் தக்காளி இலைச்சுருள் பரவுவது முதன்மையாக வெள்ளை ஈயால். எதிர்ப்பு ரகம் போட்டால் கவலை இல்லை என்போர் அர்கா அனாமிகா வெண்டையைப் பார்க்கட்டும். நரம்பு மஞ்சளைத் தாங்கி நின்ற ரகம், பிறகு பல இடங்களில் அந்தப் பலத்தை இழந்தது.

செய்ய வேண்டியது தனி விவசாயியின் கையில் மட்டும் இல்லை, இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கிராமத்தில் ஒருவர் தக்காளி பறித்து முடிக்கும்போது அடுத்தவர் நடுகிறார், மூன்றாமவர் பந்தல் போடுகிறார். வெள்ளை ஈக்கு ஆண்டு முழுவதும் விருந்து. டொமினிக்கன் குடியரசில் தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸ் சாகுபடியையே அழித்தபோது, 1990களில் ஆண்டுக்கு 3 மாதம் வெள்ளை ஈ தங்கும் பயிர்களைப் போடக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தார்கள். மற்ற முறைகளோடு சேர்ந்து அந்த இடைவெளிதான் தக்காளியை மீட்டது. சிறு விவசாயி நிலத்தைச் சும்மா போட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. சும்மா போட வேண்டாம். மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, சின்ன வெங்காயம் போடலாம். தக்காளியின், பாகலின் இலைச்சுருள் வைரஸ்கள் இவற்றில் தங்குவதில்லை. ஆனால் ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒன்றியத்துக்கு ஒன்றியம் தோட்டக்கலைத் துறை ஒரு நாளைக் குறித்து அறிவிப்பதில் என்ன தடை? மருந்துக்கு மானியம் கேட்கும் சங்கங்கள் இதை ஏன் ஒருமுறைகூடக் கேட்பதில்லை? அதுவரை, அங்குலத்துக்கு 50 கண் உள்ள நைலான் வலைக்குள் நாற்று விடுங்கள். வேலியோரக் கோவைக்கொடியை அறுத்தெறியுங்கள், அதிலும் இலைச்சுருள் வைரஸ் தங்கும். நட்ட முதல் மாதத்தில் தேமல் கண்ட செடியை அன்றே பிடுங்கிப் புதையுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்த கொடியை, விலை ஏறுமா என்று காத்திருக்காமல், அந்த வாரமே பந்தலில் இருந்து இறக்குங்கள்.