வீட்டில் இருக்கும் ஆபீஸ் போன் மக்கர் செய்தால்…

உத்திரமேரூர் தாலுகா திருப்புலிவனத்தில் உட்கார்ந்தபடியே, இணையம் வழியாகச் சென்னை, பெங்களூரு அலுவலக எக்ஸ்டென்ஷனில் பேசி வேலை பார்க்க இன்று வழி இருக்கிறது. 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் மத்திய தொலைத்தொடர்புத் துறை கால்சென்டர் விதிகளைத் தளர்த்தியது இதற்குப் பெரிய உதவி. ஆனால் குரல் கரகரத்தாலோ, போன் கால் அறுந்தாலோ எல்லோரும் போனைத்தான் திட்டுகிறோம். குரல் எப்படிக் கெடுகிறது என்று கவனித்தாலே கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

1. முதலில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, அதில் ஆபீஸ் போனை இணைத்து ஒரு கால் பேசுங்கள். குரல் தெளிவாக இருந்தால் கோளாறு உங்கள் வீட்டு இணைப்பில். அதிலும் அதே தொல்லை என்றால் ஹெட்செட்டை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கூட வேலை பார்ப்பவர் ஒருவரிடம் கேளுங்கள். அவருக்கும் அப்படியே இருந்தால் அலுவலக சர்வரில்தான் பிரச்சினை.

2. ஃபைபர் மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறதா? ரவுட்டரை எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை. மோடத்துக்கு ஒளியே வரவில்லை என்று அர்த்தம். பின்பக்கத்து மெல்லிய மஞ்சள் வயர் மடங்கியிருக்கிறதா, பீரோ இடுக்கில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் வெளியே அறுந்திருக்கலாம். கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் கேபிளை வைக்கோல் லாரி இழுத்துவிடும். ரோடு வேலைக்கு வந்த ஜே.சி.பி. பூமிக்குள் போகும் கேபிளைத் தோண்டிவிடும். புகார் சொல்லும்போது “எல்.ஓ.எஸ். சிவப்பு” என்றே சொல்லுங்கள். நெட் வரவில்லை என்று பொதுவாகச் சொன்னால் மறுபடி ரவுட்டரிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

3. ஆபீஸ் போனுக்கு வைஃபை வேண்டாம். ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துச் செருகுங்கள். பழைய வீடுகளின் தடித்த சுவரைத் தாண்டும்போது சிக்னல் மிகவும் தளர்ந்துவிடும்.

4. பிங் சோதனையை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. விண்டோஸ் தேடலில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் எண்ணைக் கொடுங்கள். பல ரவுட்டர்களுக்கு அது 192.168.1.1. பின்னால் இடைவெளி, சிறுகோடு, ஆங்கில என், இடைவெளி, 100 என்று சேர்த்தால் நூறு முறை சோதிக்கும். முடிந்ததும் ரவுட்டர் எண்ணுக்குப் பதில், வெளியே இணையத்தில் இருக்கும் ஒரு பொது சர்வரின் எண்ணான 8.8.8.8 போட்டு மறுபடி செய்யுங்கள். ரவுட்டருக்கே பதில் தவறினால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் தவறினால் வெளி லைனில். நூற்றுக்கு ஒன்றிரண்டு பதில் தவறினாலே பேச்சில் எழுத்து விழ ஆரம்பிக்கும். போய்த் திரும்பும் நேரம் 300 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் இருவரும் ஒரே சமயத்தில் பேசி முட்டிக்கொள்வீர்கள். 20, 180, 35 என்று எண் தாவினாலும் குரல் உடையும். காலையில் ஒருமுறை, ஊரே வீடியோ பார்க்கும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை செய்து ஒப்பிடுங்கள்.

5. அதிக வேக பிளானுக்கு மாறிப் பணத்தை வீணாக்காதீர்கள். ஒரு கால் பேச இரண்டு பக்கமும் சுமார் 100 கே.பி.பி.எஸ். போதும். எதிர்முனைக் குரல் உங்களுக்கு நன்றாகக் கேட்டு, “உங்க குரல்தான் விட்டு விட்டு வருது” என்று அவர்கள் சொன்னால், அப்லோடு அடைத்திருக்கலாம். வீட்டு மொபைல்களின் போட்டோ பேக்கப்பை வேலை முடியும்வரை நிறுத்திப் பாருங்கள்.

6. ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா? கால் எடுத்து முப்பது செகண்டில் ஒவ்வொரு முறையும் அறுகிறதா? எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற ரவுட்டர் வசதியை முதலில் சந்தேகியுங்கள். உதவுவதற்காக வைத்த வசதிதான். ஆனால் போன் அனுப்பும் தகவலில் உள்ள முகவரியைத் திருத்தப்போய்ப் பல நேரம் கெடுத்துவிடும். கால் எடுத்ததற்கான ஒப்புதல் வந்து சேராவிட்டால் 32 செகண்டில் இணைப்பைத் துண்டிப்பது இந்தப் போன்களின் விதி. ரவுட்டர் செட்டிங்கில் அதை ஆஃப் செய்து, ரவுட்டரையும் போனையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். மோடத்துக்குப் பின்னால் தனி ரவுட்டரும் வைத்திருந்தால் இரண்டிலும் பாருங்கள்.

7. நீங்கள் அடித்தால் போகிறது, உங்களுக்கு வருவதுதான் வரவில்லையா? சும்மா இருக்கும் இணைப்பை ரவுட்டர் மறந்துவிடுகிறது. அலுவலக ஐ.டி. ஆளிடம், இணைப்பை அவ்வப்போது நினைவூட்டும் ‘கீப் அலைவ்’ நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

8. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் மோடம் அணைந்து எரிந்தால், கால் போனது போனதுதான். மோடத்துக்கென்று சின்ன யு.பி.எஸ். விற்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள்.

9. ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கும் முன்பே அடாப்டரையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது; இவை இரண்டும் கடத்தும்.

10. புகார் கொடுக்கும்போது தேதி, மணி, நிமிடம், பேசிய எண், என்ன கேட்டது என்பதோடு பிங் திரையின் படத்தையும் அனுப்புங்கள். சர்வர் பதிவில் அந்த நிமிடத்தைத் தேடி எடுக்க முடியும்.

11. அவசரத்துக்கு 108, 112 அடிக்க ஆபீஸ் போனைத் தொடாதீர்கள். பெங்களூரு எண் வழியாகப் போனால் அந்த ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்கே போய்ச் சேரலாம். மொபைலில் அடித்து, ஊர்ப் பெயரோடு உத்திரமேரூர் தாலுகா என்றும் சொல்லுங்கள்.